ரசிகர் ஓட்டும் ஆஸ்கர் சீட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்கர் விருதை, அதை வழங்கும் அகாடமி என்ற அமைப்பின் சுமார் 10,000 உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்கள். டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிற கோடிக்கணக்கான ரசிகர்களுக்கு அதில் பங்கே இல்லை. இணையத்தில் ஓட்டெடுப்பு வைத்தால் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் ட்விட்டரில் ‘ரசிகர்களின் விருப்பப் படம்’ என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஒரு கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 20 ஓட்டு வரை போடலாம். கோளாறு அந்த 20-இல்தான். படம் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை விட்டுவிட்டு, யார் தினமும் சலிக்காமல் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை அது அளந்தது. இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் ரசிகர்கள் கட்டுக்கோப்பானவர்கள். அவருடைய ‘ஆர்மி ஆஃப் தி டெட்’ முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு ஓட்டெடுப்பே இல்லை.

ஆனால் ரசிகர்களுக்குப் பங்கே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். 2008-இல் வந்த பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’ எட்டுப் பரிந்துரைகள் பெற்றும், சிறந்த படத்துக்கான ஐந்தில் இடம்பெறவில்லை. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2009 ஜூனில் அகாடமி ஐந்தைப் பத்தாக்கியது. ஆலோசனையில் அந்தப் படத்தின் பெயர் அடிபட்டதை அப்போதைய தலைவர் சிட் கேனிஸே ஒப்புக்கொண்டார்.

பத்துப் படம் என்றால் ஓட்டு சிதறும். பதினைந்து சதவீதம் வாங்கிய படம்கூட ஜெயித்துவிடலாம். அதனால் எண்ணும் முறையும் மாறியது. நம்மில் பலர் கவனிக்காதது இதைத்தான். உறுப்பினர் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தருவார். 100 ஓட்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. முதலிடம் ‘அ’ படத்துக்கு 40, ‘ஆ’ படத்துக்கு 35, ‘இ’ படத்துக்கு 25. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் நிற்கும் ‘இ’ வெளியேறும். அதன் 25 சீட்டுகளும் அவற்றில் இரண்டாவதாக எழுதியிருக்கும் படத்துக்குப் போகும். 20 ‘ஆ’வுக்கும் 5 ‘அ’வுக்கும் போனால், ‘ஆ’ 55, ‘அ’ 45. முந்தி நின்ற படம் தோற்றுவிட்டது!

உயிரைக் கொடுத்து ஆதரிக்கவும் ஆளுண்டு, கடைசி இடத்தில் தள்ளவும் ஆளுண்டு என்ற படம் இங்கேதான் தடுமாறும். தீவிர ரசிகர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட படங்களைத்தான். அவர்கள் போட்ட சத்தத்தால் பட்டியலின் கதவு அகன்றது. 2019-இல் சூப்பர் ஹீரோ படமான ‘பிளாக் பாந்தர்’ உள்ளே வந்தது. கூடவே வந்த எண்ணும் முறையோ, பலரும் இரண்டாவது, மூன்றாவதாக எழுதும் படத்துக்குக் கைகொடுக்கிறது. இப்போதெல்லாம் பரிந்துரை வெளியானதும் விவரமறிந்த ரசிகர்கள் முதலிடத்தை மட்டும் பேசுவதில்லை. எந்தப் படம் அதிகம் பேருக்கு இரண்டாவதாக இருக்கும் என்றுதான் விடிய விடிய வாதாடுகிறார்கள்.