டாக்ரோலிமஸ் தட்டில் பூஞ்சை சாகவில்லையே?

ஆஸ்பர்ஜிலஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையை வளர்க்கும் தட்டில், உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு நோயெதிர்ப்பை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தைச் சேர்த்தும் பூஞ்சை சாகாமல் பொட்டு மாதிரி வளர்ந்து நிற்கிறது, மருந்து கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மருந்தின் மேல் பழி போடாதீர்கள். அநேகமாக மருந்து வேலை செய்ததன் அடையாளமே அதுதான்.

டாக்ரோலிமஸ் முதலில் எஃப்கேபிபி12 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஜோடி போய்க் கால்சினியூரினை முடக்கும். கால்சினியூரின் ஒரு பாஸ்பட்டேஸ், அதாவது புரதங்களில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் விழித்துக்கொண்டு, சிஆர்இசட்-ஏ என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றும். கழன்றதும் அது உட்கருவுக்குள் ஓடி மரபணுக்களை முடுக்கிவிடும். இந்தப் பூஞ்சை கால்சினியூரின் இல்லாமலும் பிழைக்கும், ஆனால் இழை நீளாது. 2006இல் கால்சினியூரின் மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள்: இழைகள் குட்டையாயின, எலிகளில் நோயுண்டாக்கும் திறனும் படுத்துவிட்டது.

வளர்ச்சியை அளக்கும் ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நுனி மழுங்கி, தேய்ந்த துடைப்பம் போலக் கிளைகள் நெருங்கியிருந்தால் மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாமல் அதன் கரைப்பான் மட்டும் விட்ட தட்டு ஒன்று கட்டாயம் வையுங்கள்; அதை வைத்ததாக நீங்கள் சொல்லவே இல்லை! கொல்லத்தான் வேண்டுமென்றால் கேஸ்போஃபஞ்சின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் கைகோத்து அடிக்கும்.

டாக்ரோலிமஸ் சாப்பிடும் சிறுநீரக மாற்று நோயாளிக்கு ஏன் இதே பூஞ்சை வருகிறது என்றும் கேட்டீர்கள். அவருடைய நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்களுக்கும் கால்சினியூரின்தானே வேண்டும்? மருந்து அதையும் சேர்த்து முடக்கிவிடுகிறது, அதனால் பூஞ்சையை எதிர்க்கும் சக்தி அவருக்குக் குறைந்துவிடுகிறது.