சம்பளம் தருகிறார்கள், கதவு தட்டச் சொல்கிறார்கள்: சேரலாமா?

வாசகர் கேள்வி: சிகாகோவில் பொதுக்கொள்கை முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எஃப்-1 மாணவர் விசா. வாடகைக்குக் குடியிருப்பவர்களைச் சங்கமாகச் சேர்க்கும் ஒரு தொண்டு அமைப்பில் கோடை விடுமுறைக்குப் பத்து வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. வாரம் 600 டாலர். 'கம்யூனிட்டி ஆர்கனைசிங்', அதாவது மக்களை ஒன்று திரட்டும் பயிற்சி என்கிறார்கள். இது கட்சி வேலை மாதிரி இருக்கிறது, விசாவுக்கு வம்பு வரும் என்று அப்பா கோவையிலிருந்து தினமும் போன் செய்கிறார். சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் "சரி" என்று பதில் எழுதுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். மற்றதில் தவறினால் திருத்திக்கொள்ளலாம், இதில் முடியாது. வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை செய்ய, படிப்புக் காலத்தில் உங்களுக்குச் சிபிடி (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி) அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். கோடைக்குள் உங்களுக்கு முடிந்துவிடும். வேலை பாடத்திட்டத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதால், இன்டர்ன்ஷிப்புக்கென்றே உள்ள பாடத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓ ஒப்புதல் தந்து, அமைப்பின் பெயரும் தேதிகளும் அச்சான புதிய ஐ-20 (உங்கள் மாணவர் தகுதிச் சான்றுப் படிவம்) கைக்கு வந்த பிறகுதான் வேலையின் முதல் நாள். "திங்கட்கிழமை சும்மா வந்து பாருங்களேன்" என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். பத்து வாரச் சிபிடியால், படிப்பு முடிந்த பிறகு வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதி பாதிக்கப்படாது. முழுநேரச் சிபிடி 12 மாதத்தைத் தொட்டால்தான் அது கைவிட்டுப் போகும்.

அடுத்தது பணம். 600 டாலரை 40 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15. இல்லினாய் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி சரியாக அதுதான். சிகாகோ நகர எல்லைக்குள் 2025 ஜூலையில் அது 16.60 ஆனது, உங்கள் 15 அதற்கும் கீழே. இன்னொன்று, இந்த வேலைக்கு மாலை ஆறு முதல் ஒன்பது வரை உயிரான நேரம், அப்போதுதான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை கூட்டம் வேறு. வாரம் 50 மணி நேரமானால் உங்கள் கூலி 12 டாலராகிவிடும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், டபிள்யூ-2 (ஊழியருக்கான ஆண்டுச் சம்பளப் படிவம்) கொடுத்து ஊழியராகச் சேர்க்கிறீர்களா அல்லது 'ஸ்டைபெண்ட்' என்று ஒரு தொகையா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற அமைப்பு, ஊரார் உரிமைக்கு எப்படிப் பேசும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளச் சீட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எஃப்-1 மாணவருக்கு அமெரிக்காவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிப் பிடித்தம் பொதுவாகக் கிடையாது. சிறிய அமைப்புகளில் பழக்கதோஷத்தில் 7.65 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்கள்.

தொண்டு வேலைக்குச் சம்பளம் வாங்குவதா என்ற கூச்சம் வேண்டாம். 1964-ல் 'ஃப்ரீடம் சம்மர்' என்ற இயக்கத்தில், மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய வடக்கிலிருந்து போன மாணவர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜாமீனுக்கு 500 டாலரும் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதனால் போனவர்களில் பெரும்பாலோர் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். 1996-ல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ, அந்தக் கோடையை நினைவூட்டும்படி 'யூனியன் சம்மர்' என்று பெயர் வைத்து, வாரத்தொகை கொடுத்து மாணவர்களைச் சேர்த்தது. கோடையில் சம்பாதித்தே தீர வேண்டிய பிள்ளையும் வர முடிகிறது என்றால் அந்தத் தொகையால்தான்.

சரி, வேலை என்ன? நீங்கள் படிக்கும் ஊரிலேயே பிறந்த தொழில் இது. 1939-ல் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களுக்குப் பின்புறத்துப் பேட்டையில் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர் சால் அலின்ஸ்கி. மறு ஆண்டு அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃபிரெட் ராஸ் வேறு வழி பிடித்தார்: யாராவது ஒருவர் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டிப் பேசுவது. 1952-ல் சான் ஹோசேயில் அப்படிச் சேர்ந்த ஓர் இளைஞர்தான் பின்னாளில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய சீசர் சாவேஸ்.

கூட்டம் சேர்ப்பது எளிது, பிரியாணி போட்டாலும் சேரும். ஆனால் நீங்கள் ஊருக்குப் போன பிறகும் அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தைக் கூட்டுவாரா? அதற்கு ஆள் தேடுவதுதான் இந்த வேலை. அதன் அடிப்படைக் கருவி, ஒருவரோடு தனியாக அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்து பேசுவது.

இதே வேலையில் நான் முதல் வாரத்தில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மூன்றாவது மாடி, சங்கிலி மாட்டிய கதவு, இடுக்கில் ஓர் அம்மாவின் முகம். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்றார். அவ்வளவுதான், வாடகைச் சட்டம், நகராட்சிப் புகார் எண், எங்கள் அமைப்பின் வரலாறு எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் கொட்டினேன். தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பெருமையாகக் கீழே வந்தேன். காரில் காத்திருந்த மூத்தவர் தாளைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவு நாளாக ஒழுகுகிறதாம்? பக்கத்து வீட்டிலும் ஒழுகுகிறதா? அந்த வீட்டாரை அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. மறுநாள் போய், சங்கிலி கழன்ற பிறகு உள்ளே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பதினோரு வருடமாக அதே கட்டடத்தில் இருக்கிறார், எந்த வீட்டில் யார் எப்போது வேலைக்குப் போகிறார் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். அந்தக் கட்டடத்துச் சங்கத்துக்கு அவர்தான் பிறகு தலைவரானார்.

அந்தக் காரில் நடந்ததுதான் பயிற்சி. ஆகவே அமைப்பிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "தினமும் வேலை முடிந்ததும் என்னோடு உட்கார்ந்து பேசப்போவது யார்?" அதற்கு ஒரு பெயரைச் சொன்னால் நல்ல சகுனம். "கையேடு தருவோம்" என்றால் யோசியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை டாலர் நன்கொடை வசூலிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால் அது வசூல் வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் வேறு தொழில். சென்ற ஆண்டு இன்டர்னாக இருந்த ஒருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கிப் பேசிவிடுங்கள்.

இனி, அப்பா சொல்லும் கட்சி விஷயம். அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(3) எனப்படும் வகைத் தொண்டு அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ சட்டம் விடாது. உங்கள் அமைப்பு அந்த வகைதானா என்று கேளுங்கள். சில அமைப்புகள் பக்கத்து அறையில் 501(சி)(4) என்ற வகையில் ஒரு தம்பி அமைப்பையும் வைத்திருக்கும். அதற்கு அரசியலில் கூடுதல் இடம் உண்டு. உங்கள் ஐ-20-இல் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த வேலையை மட்டும் செய்யுங்கள். வாக்காளர் பதிவுப் படிவம் புழங்கும் இடத்தில், மறந்தும் உங்களுக்காக ஒன்றை நிரப்பிவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் 'குடிமகன்' கட்டத்தில் குறியிட்டால் நாடு கடத்தல் வரை போகும்.

அப்பாவின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2025-ல் போராட்டங்களிலும் கருத்து எழுதியதிலும் பெயர் அடிபட்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை அரசு ரத்து செய்தது. வாடகைதாரர் சங்கம் அந்த அளவுக்குப் போகிற விஷயமல்ல. இருந்தாலும் வீட்டு உரிமையாளரின் அலுவலக வாசலில் மறியல் என்று ஒரு நாள் வரலாம். கைதாக வாய்ப்புள்ள எதிலும் நான் நிற்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள அமைப்பு தானாகவே உங்களுக்கு வேறு வேலை தரும்: போன் செய்வது, மொழிபெயர்ப்பது, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்ப்பது.

அப்பாவிடம் விளக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெருவிலும் குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கும். தண்ணீர் வராத வாரத்தில் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்குவாரே ஒரு செயலாளர், அந்த வேலையைச் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லுங்கள். போனை வைத்ததும் டிஎஸ்ஓ-வுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மே மாதம் நெருங்க நெருங்க அங்கே வரிசை நீளும்.