ஆணிக் காந்தம் குண்டூசியை இழுக்கலையா?

தண்டையார்பேட்டை அக்கா, பையன் ஆணியில செம்புக் கம்பி சுத்தி பென்சில் பேட்டரி கொடுத்தும் குண்டூசி ஒட்டலைன்னு எழுதியிருந்தீங்க. மோட்டார் காயில் கட்டுற கடைக் கம்பின்னு சொன்னீங்களே, அதுலதான் சிக்கல். மேல எனாமல் பூச்சு இருக்கும், அது கரண்டை விடாது. செம்பு நிறத்துலயே இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு முனையையும் உப்புத்தாளால பளபளன்னு தேய்ங்க. நடுவுல தேய்க்காதீங்க, சுத்துக்குச் சுத்து ஷார்ட் ஆயிடும். கம்பி சூடாகும், அஞ்சு செகண்டுக்கு மேல வேணாம்.

கடையில விக்கற காந்தச் சோதனைக் கிட்டுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டு காசிமேடு மணல்ல இழுக்கச் சொல்லுங்க. கருப்புத் துகள் மீசையாட்டம் சிலிர்த்து நிக்கும், மேக்னடைட்ங்கற இரும்புத் தாது அது. காந்தத்தை உருவினா பொலபொலன்னு கொட்டிடும்.

நியோடிமியம்னு ரொம்ப பலமான காந்தம் இருக்கு, அதுல குட்டி உருண்டை மட்டும் வாங்காதீங்க. தங்கச்சிப் பாப்பா ரெண்டை முழுங்கினா குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கும், ஆபரேஷன்ல போய் நிக்கும்.