மகள் ஊடகப் பாடம் எடுக்கட்டுமா?

அக்கா, உங்கள் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், விருப்பப் பாடங்களின் மூன்றாம் தொகுதியில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், வீட்டில் மற்ற எல்லோரும் தகவல் தொழினுட்பத்தை எடு என்கிறார்கள், நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நித்திரையில்லாமல் இருக்கிறீர்கள்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரத்தில் 9 பாடங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் எல்லாம் கட்டாயப் பாடங்கள், எதை எடுத்தாலும் அவற்றைப் படித்தே ஆக வேண்டும். பிறகு மனம் மாறி உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்கப் போகிறேன் என்றால் பார்க்கப்போவது அந்தப் பெறுபேறுகளைத்தான். மூன்றாம் தொகுதிக்காக அவளுடைய வழி அடைபடாது.

தகவல் தொழினுட்பம் நல்ல பாடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் துவித எண், தர்க்கப் படலை (லொஜிக் கேட்), நிரலாக்கம் என்று நிறைய வரும், வீடியோ வெட்டுவதுதான் முழுக்க என்று நினைத்து எடுத்த பிள்ளைகள் பாதியில் சோர்ந்து போனதைக் கண்டிருக்கிறேன். புதிரை உட்கார்ந்து உடைக்கிற பிள்ளைக்கு அது. ஆட்களிடம் போய்க் கேட்டு, கேட்டதை இன்னொருவருக்கு விளங்கச் சொல்ல ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஊடகப் பாடம். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஊடகம் என்றால் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிவது என்று அவளுடைய அப்பா நினைக்கிறார் போல. என்னிடம் வந்த ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, தன் அம்மம்மாவைப் பேட்டி எடுக்கப் போனாள். “இடம்பெயர்ந்தபோது கஷ்டமாக இருந்ததா?” என்று கேட்டாள், அம்மம்மா “ஓம்” என்றார், அவ்வளவுதான். அழாத குறையாக என்னிடம் வந்து போனில் அந்த ஒரு சொல்லைப் போட்டுக் காட்டினாள். திரும்பப் போய் “வெளிக்கிடும்போது அடுப்பில் என்ன இருந்தது?” என்று கேள் என்றேன். அம்மம்மா பத்து நிமிடம் நிற்காமல் கதைத்தாராம், பாதியில் இறக்கி வைத்த சோற்றுப் பானையில் தொடங்கி. கேள்வியை மாற்றினால் பதில் மாறும் என்பதை அன்றைக்கு அவள் படித்தாள். இந்தப் பாடத்தின் உயிரே அதுதான் அக்கா, நாளைக்கு அவள் தாதியானாலும் சட்டத்தரணியானாலும் அது கூடவே போகும்.

தயவுசெய்து இப்போது கமரா வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கிற போனே போதும், காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் சட்டையில் கொழுவுகிற சிறிய மைக் ஒன்று வாங்குங்கள், படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள், சத்தம் விளங்காவிட்டால் உடனே தள்ளிவிடுவார்கள். ஒலியை வெட்ட ஓடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், வீடியோவை வெட்ட டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு நல்ல கணினி வேண்டும். கலியாண மண்டபத்து ரியூப் லைட்டின் கீழ் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுமே, அது ஏன் என்று அவளையே தேடச் சொல்லுங்கள்: எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதோடு சேர்ந்து விளக்கும் மினுங்குகிறது, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சரி, வேலை? யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாம் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்களுக்காக நேரலையில் போகிறது. அச்சகங்களில் அழைப்பிதழ், பனர், இறந்தவரின் நினைவாக அச்சிடும் 31ஆம் நாள் கல்வெட்டுப் புத்தகம் என்று வடிவமைப்பு வேலை ஓயாது. அங்கே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யவும் வேண்டும், எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றவும் தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒற்றுப்பிழை கண்ணில் பட வேண்டும். கல்வெட்டில் இறந்தவரின் பெயரே பிழையாகிவிட்டால் அந்தக் குடும்பம் அதை மறக்காது. ஆகவே தமிழை வடிவாகப் படிக்கச் சொல்லுங்கள், மென்பொருளை மூன்று மாதத்தில் பழகிவிடலாம், தமிழை அப்படிப் பழக முடியாது.

மேலே படிக்கவும் வழி உண்டு. உயர்தரக் கலைப்பிரிவிலும் இந்தப் பாடம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் ஊடகம், தொடர்பாடல் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. செய்முறைதான் பிடிக்கிறது என்றால் 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடத்துறையில் வரைகலை வடிவமைப்பு எடுத்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டம் வரை போகலாம். ‘படிக்காத பிள்ளைகளின் வகுப்பு’ என்று அதை ஊரில் சொல்லுவார்கள், காதில் போடாதீர்கள்.

எனக்கு இருக்கிற ஒரே தயக்கம் பள்ளிக்கூடம் பற்றியது. இந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வேறு பாட ரீச்சர் ஒருவர் நோட்ஸ் மட்டும் சொல்லிக் கொடுக்கிறாரா, பிள்ளைகள் கடைசியாகச் செய்த சுவர்ப் பத்திரிகையோ ஒலிப்பதிவோ பார்க்கக் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் தகவல் தொழினுட்பத்தையே எடுக்கட்டும், இதை வீட்டில் பழகலாம். இருந்தால் யோசிக்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

போகமுதல் ஒரு வேலை. அவளுடைய அப்பாவை மகள் பத்து நிமிடம் பேட்டி எடுக்கட்டும், கேள்விகளை அவளே எழுதட்டும், வெட்டி மூன்று நிமிடமாக்கி அவருக்கே போட்டுக் காட்டட்டும். பிறகு எனக்கு அனுப்புங்கள், நான் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.