எலிக்குப் பலித்தது அம்மாவுக்குப் பலிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறார். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நாங்கள் சைவம். யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் போனில் பணம் வந்ததா என்று பார்க்க ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் பிடிபடவில்லை. போனை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நீயே பாரு" என்று தந்துவிடுகிறார். வயதான சுண்டெலிகளுக்குக் கொழுப்பு அமிலம் கொடுத்ததும் கற்கும் திறன் கூடியதாகப் படித்தேன். மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது பொய்யல்ல. மூளை நரம்பணுக்களின் சவ்வில் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. மீன் எண்ணெயிலும் இருப்பது இதுதான். அது உணவில் கூடும்போது வயதான எலிகள் நன்றாகக் கற்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் மாரிஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1981-ல் வெளியிட்ட முறை அது. வட்டத் தொட்டியில் பால்பவுடரோ வெள்ளைச் சாயமோ போட்டுத் தண்ணீரைக் கலங்கலாக்குவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். நாளாக நாளாக நேரம் குறைந்தால் கற்கிறது என்று பொருள். இதோடு இன்னொன்றும் செய்வார்கள். மேடைமேல் கொடி நட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைத்து நீந்தவிடுவார்கள். கொடி இருந்தும் போய்ச் சேராத எலிக்குக் கோளாறு கண்ணிலோ காலிலோ இருக்கலாம். அதை மறதிக் கணக்கில் சேர்க்க முடியாது.

உங்கள் அம்மாவுக்கு அந்தக் கொடியை இன்னும் யாரும் நட்டுப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சம் தேடிப் போனைச் சாய்க்கிறார் என்கிறீர்கள். 69 வயது, 12 வருடச் சர்க்கரை. கண்புரையோ விழித்திரைப் பாதிப்போ இருக்க நல்ல வாய்ப்புண்டு. முதலில் கண்ணைப் பாருங்கள், கூடவே காதையும்.

அடுத்தது பி12. இந்த வைட்டமின் அசைவத்தில்தான் நிறைய. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் இது உடம்பில் சேர்வதும் குறையும். அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. பி12 குறைந்தால் மறதி, மந்தம், பாத எரிச்சல் வரும்; ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம். ரத்தம் கொடுக்கும்போது தைராய்டையும் பார்த்துவிடுங்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். பிரான்சில் மறதி போன்ற தொல்லைகள் இருந்த, 70 வயது தாண்டிய 1,600-க்கும் மேற்பட்டோரை வைத்து 3 வருடம் ஒரு ஆய்வு நடந்தது. அதில் ஒமேகா-3 மாத்திரை நினைவாற்றல் சரிவைத் தடுத்ததாகத் தெரியவில்லை. முடிவு 2017-ல் வந்தது. கூண்டு எலிகள் ஒரே வம்சம், ஒரே தீனி. மனிதர்கள் அப்படியில்லையே. அதனால் மறதிக்கென்று வாங்க வேண்டாம். அதிக அளவில் சாப்பிட்டால் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் உண்டு. அந்தக் காசில் பி12 டெஸ்ட் எடுக்கலாம்.

இத்தனை வருடம் கைப்பழக்கமான உப்பு, பெருங்காய அளவு தடுமாறினாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தெரிந்த தெருவில் வழி தவறினாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கண் டாக்டரிடம் போகும்போது அம்மாவின் போனையும் எடுத்துப் போங்கள். எந்த எழுத்து தெரியவில்லை என்று அவரே காட்டட்டும்.