புயல் பார்க்கும் பெண்ணுக்குக் கணக்கு பிடிக்குமா?

ஐயா, "மழை வருமா வராதா என்று சொல்வதற்கு ஒரு படிப்பா, அதற்குச் சம்பளம் வேறா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நாகப்பட்டினத்துக்காரர் கேட்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வானிலையியல் படிக்க ஆசைப்படும் உங்கள் மகள் கைபேசியில் சேர்த்து வைத்திருந்த செயற்கைக்கோள் படங்களையெல்லாம் காட்டினாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது, அதற்குச் சில நாள் முன்பு நாடா புயல் உங்கள் பக்கமே வலுவிழந்து கரையேறியது. அப்படியும் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததே, ஏன்? சற்று யோசித்துவிட்டு, "வர்தா சென்னைப் பக்கம் மட்டும் கொட்டிவிட்டுப் போனது, டெல்டாவுக்கு ஒன்றும் வரவில்லை" என்றாள். பாதி விடை. ஆனால் சரியான பாதி.

புயல்களை எண்ணினால் மழைக் கணக்கு வந்துவிடாது. எந்தத் தடத்தில் வந்தது, எவ்வளவு மெதுவாக நகர்ந்தது, ஈரக்காற்றை எந்தப் பக்கம் இழுத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளத்தில் மூழ்கியது சென்னை. கடலோரமாக மெல்ல ஊர்ந்ததால் வந்த வினை. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அதற்குப் புயலே தேவைப்படவில்லை, குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அணை திறப்பவர், பயிர்க் காப்பீடு செய்பவர், விமானம் இறக்குபவர் எல்லோருக்கும் இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, இப்போதே குறுகிய பட்டம் எதிலும் சேர்க்காதீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் போதும், கணிதம் துணைப்பாடமாக இருக்கட்டும். மனம் மாறினால் வேறு வழிகளும் திறந்தே இருக்கும். பிறகு எம்.எஸ்சி. வானிலையியலுக்கு விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டும் உள்ளன. ஆராய்ச்சிக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இருக்கின்றன. வேளாண் வானிலையில் நாட்டமிருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகம்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வானிலைத் துறையில் பணியிடங்கள் குறைவு, ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. இரவுப் பணி உண்டு. அசாமிலோ ராஜஸ்தானிலோ போடுவார்கள். இதெல்லாம் உங்களுக்குக் கவலையாக இருக்கும் என்று தெரியும். என் கவலை வேறு. படம் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் வகையீட்டுச் சமன்பாடுகளும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதும் நிரல்களும் பிடிக்குமா?

அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையின் புயல் வரைபடத் தொகுப்பில் 1891 முதலான தடங்கள் இருக்கின்றன. விடுமுறையில் பத்து ஆண்டுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் நாகையில் பெய்த மழையைப் பக்கத்தில் எழுதி, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அவளே குறிக்கட்டும். இரண்டாம் நாளே சலித்துவிட்டால் சொல்லுங்கள், வேறு படிப்பு பேசலாம். சலிக்காவிட்டால் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். விண்ணப்பத்தை அன்றே நிரப்பிவிடலாம்.