39 ஷில்லிங்

ஐயா,

பழைய லண்டனில் தூக்குத் தண்டனையைப் பார்க்கக் குடும்பத்தோடு போவார்களாம், நல்ல ஜன்னலுக்குக் காசு கொடுப்பார்களாம். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்கு இரக்கமே கிடையாதா? நாம் எவ்வளவோ மாறிவிட்டோம், இல்லையா?

ஒரு வாசகர், துவாரகா, டெல்லி

அன்புள்ள தம்பி,

நீங்கள் படித்தது உண்மைதான். 1783 வரை டைபர்ன் என்ற தூக்குமேடை இடத்தில், அப்புறம் நியூகேட் சிறை வாசலில், 1868 வரை ஊர் பார்க்கத்தான் தூக்கிலிட்டார்கள். சரி, கூட்டத்தை விடுங்கள். அதே ஊரில் ஜூரியாக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் சாதாரணக் குடிமக்களாக, கோர்ட்டில் உட்கார்ந்தவர்களைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை?

வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு. அதனால் ஜூரிகள் களவுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் திருடியது 10 பவுண்டு நோட்டு. அதாவது 200 ஷில்லிங். அதற்கும் 39தான்! 1827இல் வரம்பை 5 பவுண்டாக உயர்த்தினார்கள். ஜூரிகளின் கணக்கும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு ஏறியது. கடவுள் மேல் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள், தம்பி. பொய்ச்சத்தியத்துக்கு நரகம் என்று நம்பிய காலம் அது. அப்படியும் ஒரு உயிருக்காகப் பொய் சொன்னார்கள். 1830இல் வங்கிக்காரர்களே நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள்: கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு வேண்டாம், ஜூரிகள் குற்றவாளி என்று சொல்ல மறுக்கிறார்கள், எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்று. ஆயிரக்கணக்கானோர் தொங்கியதும் உண்மை. ஆனால் இரக்கமே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். பாவம் அது.

'நாம் மாறிவிட்டோம்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? துவாரகாவிலிருந்து திகார் சிறை எவ்வளவு தூரம்? 2020 மார்ச் 20, காலை ஐந்தரை மணிக்கு அங்கே நிர்பயா வழக்கில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். சிறைக்கு வெளியே கூட்டம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்கும். அந்த நால்வருக்காக நான் அழவில்லை. ஆனால் ஏழு மணிக்கு மாடி வீட்டு மாமி கதவைத் தட்டி, "முடிஞ்சுது சார், எடுத்துக்கோங்கோ" என்று எவர்சில்வர் தட்டை நீட்டினார். லட்டு.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த மாமி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, ஊரடங்கு அன்று சாயங்காலம் எல்லோரும் பால்கனியில் தட்டு தட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், எறும்பு மொய்த்துக் கிடந்தது. மாமி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பேப்பரில் சுற்றித்தான் குப்பையில் போட்டேன்.